ஏழு புத்தகமும் ஒரு கொப்பியும் – கடிதம்

அன்புள்ள சேர்,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் இருக்கிறேன். உயர்தரத்தில் கலைப்பிரிவு. இப்போது ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷனில் வேலை. போட்டோகொப்பி, ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் நான்தான். முதலாளி ஒரு பழைய லெப்டொப் தந்தார், 4 ஜிபி ரெம். விண்டோஸ் ஊர்ந்துதான் போகிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டால் ஓடும் என்றார்கள். அப்படியே அதை ஒழுங்காகப் படித்துவிடலாம் என்று ஆசை. ஏழு புத்தகம் டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேன், பட்டியலை இணைத்துள்ளேன். எதில் தொடங்குவது? தமிழில் நல்ல புத்தகம் உண்டா? எந்த லினக்ஸ் போடுவது? சான்றிதழ் பரீட்சை எடுத்தால் வேலை கிடைக்குமா?

லயத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சரிவராது என்பது உங்களுக்குத் தெரியும். எங்களால் இதெல்லாம் முடியுமா, சேர்?

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

கடைசி இரண்டு வரியை எழுதாமல் விட்டிருந்தால் உங்களுக்கு நாலு வரியில் பதில் வந்திருக்கும், அதுவும் போன வாரமே. தாமதத்துக்குக் காரணம் அந்த இரண்டு வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடுவோம்.

எந்த லினக்ஸ்? மின்ட். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்று ஒரு வகை இருக்கிறது, உங்கள் லெப்டொப்புக்கு அது போதும். இதைப் பற்றி இன்னும் நாலு பேரிடம் கேட்காதீர்கள். நாலு பேரும் நாலு பெயர் சொல்வார்கள், அடுத்த தீபாவளிக்கும் நீங்கள் யோசித்துக்கொண்டே இருப்பீர்கள். சான்றிதழ்? இப்போது வேண்டாம். ஒரு வருடம் கழித்துக் கேளுங்கள்.

சரி, புத்தகம். பட்டியலைப் பார்த்தேன். ஏழையும் அடுக்கினால் நாலாயிரம் பக்கம் தாண்டும். அதில் எத்தனை பக்கம் படித்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லை. படித்திருந்தால் எழுதியிருப்பீர்கள். கோபிக்க வேண்டாம், எனக்கும் இந்த வியாதி இருந்தது. மழைக்கு முந்தி விறகு சேர்க்கிற மாதிரி புத்தகம் சேர்த்தேன். விறகாவது ஒருநாள் அடுப்புக்குப் போகும். புத்தகத்தை இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டவுடன் பாதி படித்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வருகிறதே, அதுதான் ஆளைக் கெடுப்பது.

அட்டையிலேயே ‘இத்தனை நாளில்’, ‘இத்தனை மணித்தியாலத்தில்’ என்று வாக்குக் கொடுக்கிற இரண்டையும் இன்றைக்கே அழியுங்கள். தீபாவளி நேரம் லயத்துக்கு வருகிற சேலைக்காரர் சாயம் போகாது என்று சொல்வாரே, அந்த மாதிரி வாக்கு.

மூன்றாவது, அந்தப் பெரிய நிர்வாகக் கையேடு. ஈவி நெமத் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் எழுதியது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். அருமையான புத்தகம், ஆனால் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர்களுக்கானது. பத்து மெஷின் உங்கள் பொறுப்பில் வந்த பிறகு திறந்து பாருங்கள். (அந்த அம்மையார் 2013இல் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒரு பழைய பாய்மரக் கப்பலில் புறப்பட்டு, கப்பலோடு காணாமற்போனார். செய்தி கேட்ட அன்று அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொஞ்சநேரம் சும்மா மடியில் வைத்திருந்தேன்.)

நாலாவது பழசு. புத்தகத்தின் வயதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன், இது எல்லாப் புத்தகத்துக்கும் உதவும். சேவைகளைத் தொடக்குவது, நிறுத்துவது பற்றிய அத்தியாயத்துக்குப் போய் சிஸ்டம்டி என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். மெஷின் தொடங்கும்போது சேவைகளை எழுப்பிவிடுகிற புரோகிராம் அது, 2010இல் வந்தது. 2015இல் டெபியன், உபுண்டு என்ற பெரிய லினக்ஸ் வகைகள் இரண்டும் அதற்கு மாறிவிட்டன. அந்தச் சொல்லே இல்லை என்றால் அந்த அத்தியாயம் உங்களுக்கு உதவாது. அதற்காக முழுப் புத்தகத்தையும் தூக்கிப் போட வேண்டாம். கோப்புகளை வரிசையாகக் காட்டுகிற எல்எஸ், நகல் எடுக்கிற சிபி, அழிக்கிற ஆர்எம், உள்ளே இருப்பதைக் காட்டுகிற கெட், இந்தக் கட்டளைகள் எல்லாம் லினக்ஸுக்கு மூத்ததான யுனிக்ஸுக்கு 1971 நவம்பர் 3ஆம் திகதி போட்ட முதல் கைநூலிலேயே இருக்கின்றன. தேயிலைச் செடி மாதிரிதான். மேலே இருக்கிற கொழுந்து வாரா வாரம் மாறும், தூர் நூறு வருடம் அப்படியே நிற்கும். கட்டளைகளைப் பற்றி எழுதிய பக்கம் தூர். எந்த மெனுவில் எந்தப் பட்டன் என்று எழுதிய பக்கம் கொழுந்து.

ஐந்தாவதில் முதல் நூறு பக்கத்துக்கு மேல் இன்ஸ்டோல் செய்கிற படங்கள். ‘நெக்ஸ்ட்’ பட்டனைப் படம் போட்டுக் காட்டுகிற புத்தகம் உங்களைக் குழந்தை என்று நினைக்கிறது. விடுங்கள்.

மிச்சம் இரண்டு. வில்லியம் ஷொட்ஸ் எழுதிய ‘த லினக்ஸ் கமாண்ட் லைன்’. ஆசிரியரே தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார், ஆகவே உங்கள் ஏழில் மனச்சாட்சி உறுத்தாமல் திறக்கக்கூடியது இதுதான். மற்றவை எங்கிருந்து வந்தன என்று நான் கேட்கவில்லை. ஷெல் (நாம் அடிக்கிற கட்டளையை வாங்கிச் செய்விக்கிற புரோகிராம்) என்றால் என்ன என்பதில் தொடங்கி, உங்களையே சின்னச் சின்ன புரோகிராம் எழுத வைத்து முடிக்கும். பக்கத்துக்குப் பக்கம் எதையாவது அடிக்கச் சொல்லும். பிரையன் வார்டின் ‘ஹவ் லினக்ஸ் வொர்க்ஸ்’, 2021இல் வந்த மூன்றாம் பதிப்பு, இரண்டாவது வருடத்துக்கு. சுவிட்ச் போட்ட நேரத்திலிருந்து உள்ளே என்ன நடக்கிறது என்று கழற்றிக் காட்டுகிற புத்தகம்.

தமிழில் து. நித்யாவின் ‘எளிய தமிழில் க்னூ/லினக்ஸ்’ இருக்கிறது, இரண்டு பாகம், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இலவசம். இரண்டு வாரம் அதைப் படியுங்கள், பிறகு ஷொட்ஸ். ஒன்று முடிகிற வரைக்கும் அடுத்ததைத் தொடக்கூடாது.

கேட்டதற்குப் பதில் முடிந்தது. இனி நான் சொல்ல நினைத்தது.

எனக்கு லினக்ஸ் தபாலில் வந்தது. கனோனிக்கல் என்ற கம்பனி 2005இலிருந்து 2011 வரைக்கும் உலகத்தில் யார் கேட்டாலும் உபுண்டு சீடியைக் காசு வாங்காமல் அனுப்பியது. 2006இல் நான் கேட்டேன். முகவரி என்று எதை எழுதுவது? நம் லயத்துக்கு ஏது முகவரி? தோட்டத்துப் பெயரையும் டிவிசனையும் எழுதினேன். எல்லாருடைய கடிதமும் மாதிரி அதுவும் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வந்தது. மூன்று வாரம் அங்கே கிடந்திருக்கிறது. கடைசியில் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் வைத்து கிளாக்கர் ஐயா கையில் தந்தார், உறை பிரித்திருந்தது. “பாட்டு சீடின்னு நெனச்சி போட்டுப் பாத்தோம்பா, பாட்டே வரல” என்றார். அது 6.06 பதிப்பு. ஒரு மட்டை உறை, ஒரு சீடி, அவ்வளவுதான். புத்தகம் கிடையாது. நெட் பார்க்க வேண்டும் என்றால் பஸ் ஏறி டவுனுக்குப் போய் மணித்தியாலக் கணக்கில் காசு கட்ட வேண்டும்.

அப்போது எனக்குக் கிடைத்த புத்தகம் மெஷினுக்குள்ளேயே இருந்தது. உங்களுடையதிலும் இருக்கும். கட்டளை அடிக்கிற ஜன்னலான டேர்மினலைத் திறந்து ‘மேன்’ என்று அடித்து, இடம் விட்டு, எல்எஸ் என்று அடியுங்கள். எல்எஸ்ஸுக்கான முழு விளக்கமும் வரும். டேட்டா வேண்டாம், சிக்னல் வேண்டாம். மழை பிடித்தால் உங்கள் பக்கம் சிக்னல் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். சாய்கோடு போட்டு ஒரு சொல்லை அடித்தால் அந்தச் சொல் இருக்கிற இடத்துக்குப் போகும். கியூ அடித்தால் வெளியே வரும். கட்டளையின் பெயரே தெரியாவிட்டால் ‘மேன்’ போட்டு, ஒரு சிறு கோடும் கே எழுத்தும் போட்டு, வேலைக்கான சொல்லை அடியுங்கள், சம்பந்தப்பட்டவை எல்லாம் வரிசையாக வரும். மேலிருந்து படிக்க வேண்டாம். கீழே போய் உதாரணம் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மேலே ஏறுங்கள்.

அந்த 1971 கைநூலில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், எப்படி அடிப்பது, விளக்கம் என்று எழுதிக்கொண்டு வந்து, கீழே ‘பக்ஸ்’ என்று ஒரு தலைப்புப் போட்டிருப்பார்கள். குறைகள். எங்கள் சாமான் எங்கே பிசகும் என்று செய்தவர்களே எழுதி வைப்பது. இன்றைக்கும் பல மேன் பக்கங்களில் அந்தத் தலைப்பு உண்டு. இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு என் மாமாவின் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

இப்போது அந்த இரண்டு வரி.

லயத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சரிவராது என்பது எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. யார் சொன்னது உங்களுக்கு? நாள் முழுக்க அந்தக் கடையில் உட்கார்ந்து, பாஸ்போட் விண்ணப்பத்தையும் பேங்க் ஃபோமையும் மற்றவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கிறவர் யார்? வரிசையில் நிற்கிற அம்மாமார், ‘பிள்ள, இது என்ன கேக்குது’ என்று யாரிடம் கேட்கிறார்கள்? மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லும்போது வருகிற இங்கிலீஷ் தனக்குப் படிக்கும்போது எங்கே போகிறது? இதைப் படிப்புக்குறை என்று நான் நம்ப மாட்டேன். யாரோ நமக்குள் போட்டு வைத்த கூச்சம் அது. இன்னொரு முறை என்னிடம் இப்படி எழுதினால் பதில் போட மாட்டேன், சொல்லிவிட்டேன்.

சரி, இங்கிலீஷே வராது என்று வைத்துக்கொள்வோம். கிரெப் என்பது எந்த ஊர் இங்கிலீஷ்? லண்டனில் பிறந்தவனுக்கும் அது வெறும் சத்தம்தான். ஈடி என்ற பழைய எடிட்டரில் ஒரு சொல்லைத் தேடி, அது இருக்கிற வரிகளை அச்சடிக்க அடித்த கட்டளையின் எழுத்துகள் ஒட்டிக்கொண்டு கிரெப் ஆயிற்று. கெட் பூனை இல்லை. மேன் மனிதன் இல்லை. யூமவுண்ட் என்ற கட்டளையில் இருக்க வேண்டிய ஓர் எழுத்தே இல்லை. யுனிக்ஸை உண்டாக்கிய கென் தொம்சனிடம், திரும்பச் செய்வதென்றால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கோப்பு உண்டாக்குகிற ‘கிரியேட்’ அழைப்பில் கடைசியில் ஓர் ஈ போடுவேன் என்றாராம். அந்த ஈயை அவர் விட்டுவிட்டார், ஐம்பது வருடத்துக்கு மேலாக உலகம் அந்தப் பிழையோடுதான் அடிக்கிறது. நீங்கள் இங்கே எழுத்துப் பிழைக்குப் பயப்படுகிறீர்கள். அதே மனிதர்தான் 1992இல் ரொப் பைக்கோடு நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, தட்டுக்குக் கீழே விரித்திருந்த தாளில், எல்லா மொழி எழுத்தையும் கம்பியூட்டரில் எழுதுகிற முறையான யூடிஎஃப்-8ஐக் கிறுக்கினார். உங்கள் லினக்ஸில் ஒரு ஃபோல்டருக்கு ‘சம்பளத் துண்டு’ என்று தமிழிலேயே பெயர் வைத்து எல்எஸ் அடித்தால் அப்படியே காட்டும். போட்டுப் பாருங்கள்.

நம் ஆட்கள் இங்கிலீஷை என்ன செய்தார்கள் என்றும் கொஞ்சம் யோசியுங்கள். விடியக்காலையில் வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணினார்கள், அவர்கள் சொன்ன ‘பரேட்’ நமக்குப் பெரட்டு. லைன் லயமாயிற்று. செக்ரோல் செக்ரோல்தான், அதில் பேர் விழுந்தால் ஒருநாள் சம்பளம், அரைப்பேர் விழுந்தால் பாதி. பேக்டரிக்கு இஸ்டோர். அறைக்குக் காம்பரா, அது போர்த்துக்கீசனிடம் வாங்கியது. கொந்தரப்பு வேலை செய்யாத குடும்பம் நம்மில் உண்டா? பள்ளிக்கூடத்தையே பார்க்காத அம்மாயிமார் இந்தச் சொற்களை எல்லாம் விழுங்கி, வெற்றிலையோடு மென்று, தங்கள் சொல்லாக்கித் துப்பினார்கள். ‘கொன்ட்ராக்ட்டுக்கு எழுத்துக்கூட்டு’ என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. கொந்தரப்பு என்றால் எவ்வளவு வேலை, எவ்வளவு காசு, யார் ஏமாற்றுவான் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு சொல்லுக்கு அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? சூடோவையும், ஒரு கோப்பை யார் தொடலாம் என்று மாற்றுகிற சிஎச்மோட்டையும் அதே மாதிரி விழுங்குங்கள். சூடோ என்றால் பெரிய துரை கையெழுத்து. அதைப் போட்டுச் சொன்னால் மெஷின் மறுபேச்சுப் பேசாது, நல்லதோ கெட்டதோ செய்துவிடும். ஆகவே கண்ட இடத்தில் போடக்கூடாது. இதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் வேண்டுமா? தோட்டத்தில் பிறந்தால் போதாதா?

மாமா கதைக்கு வருகிறேன். போன மாதம் அவருடைய கருமாதி முடிந்து ஆட்கள் போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு வேட்டி, பிரஜாவுரிமைப் பத்திரம், அதற்கடியில் ஒரு கொப்பி. அந்த வாரத்தில்தான் உங்கள் கடிதமும் வந்தது.

மாமா இஸ்டோரில் மேல்மாடியில் கொழுந்து பரப்புகிற வேலைக்குத்தான் முதலில் போனார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு, அதோடு சரி. பிறகு மெஷின் பார்க்கிற பிட்டருக்குக் கையாள். 1975இல் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள். இரண்டு வருடத்தில், நம் ஆட்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பிட்டருக்கும் பாஸ்போட் வந்துவிட்டது. குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினார். மெஷினின் வாயும் வயிறும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அடுத்த நாள் காலையில் இஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் மாமாவைப் பார்த்து, “இன்னையிலேர்ந்து நீதான் பாத்துக்கணும்” என்றார். மாமாவுக்கு மிஞ்சியது தேயிலை காய வைக்கிற ஒரு சிரோக்கோ அடுப்பு, பெல்பாஸ்ட்டில் செய்தது, அதோடு அலுமாரியில் கிடந்த அதன் இங்கிலீஷ் புத்தகம்.

அந்தப் புத்தகத்தை அவர் படித்த விதத்தை இந்தக் கொப்பியில் பார்க்கலாம். எழுதி முடித்த செக்ரோல் தாள்களின் பின்பக்கத்தை வெட்டி, சாக்கு நூலால் தைத்தது. ஓரமெல்லாம் எண்ணெயில் கறுத்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, முகர்ந்தால் இன்னும் இஸ்டோர் வாசம். முதல் பக்கங்களில் படம் மட்டும். புத்தகத்துப் படத்தைப் பார்த்து வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் அங்கே இருந்த இங்கிலீஷ் எழுத்துகளையும் படம் மாதிரியே வரைந்திருக்கிறார். வாசிக்கத் தெரியாமல் வரைந்த எழுத்து அது. சில எழுத்து திரும்பி நிற்கிறது. பக்கத்திலேயே தன் தமிழில், ‘இது காத்தாடி’, ‘இது கதவு, சங்கிலி இழுத்தா தொறக்கும்’. பிறகு எண்கள். எண் எல்லாருக்கும் எண்தானே. ‘உள்ள போற காத்து 200. வெளிய வர்ற காத்து 130க்கு மேல போவக்கூடாது.’ ஃபாரன்ஹைட் என்ற சொல் கொப்பியில் எங்கும் கிடையாது.

அதற்குப் பிறகுதான் சொற்கள். கிளாக்கர் ஐயாவின் மகன் அப்போது எட்டாம் வகுப்பாம். ஒரு சொல்லுக்கு ஒரு பேரிக்காய் என்று பேச்சு. மாமா சொல்லை ஒரு துண்டில் வரைந்து கொண்டுபோவார், பையன் அர்த்தம் சொல்லிவிட்டுப் பேரிக்காயைக் கடிப்பான். கொப்பியில் அந்தப் பட்டியல் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு 43இல் நிற்கிறது. அவ்வளவுதான், 43 பேரிக்காய். திருகு, தளர்த்து, எண்ணெய், இடது, வலது, மெதுவாக. மெஷின் புத்தகம் திரும்பத் திரும்ப அதே சொற்களைத்தான் சொல்லும் என்பதை அவர் முதல் மாதத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார். ‘டூ நாட்’ என்ற இரண்டு சொல்லை வரைந்து, சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, கீழே எழுதியிருக்கிறார்: ‘இந்த ரெண்டும் சேந்து வந்தா கைய வெளிய எடு.’

மேன் பக்கங்களுக்கும் அதே கதைதான், தங்கச்சி. கம்பன் எழுதி வைத்ததா அது? டிரெக்டரி, ஓப்ஷன், டிஃபோல்ட், ஓவர்ரைட், பெர்மிஷன், ரிகர்சிவ்... என் கணக்கில் இருநூறு சொல்லுக்குள் அடங்கும், இதில் பாதி உங்களுக்கு இப்போதே தெரியும். பேரிக்காய்கூட வேண்டாம், உங்கள் போனிலேயே அகராதி இருக்கிறது.

கொப்பியின் பின்பாதி முழுக்கக் கோளாறுகள். ‘பெல்ட் சறுக்கினா குங்கிலியத் தூள்.’ ‘மழை நாள்ல விறகு ஈரம், அரை மணிக்கி முன்னாடியே மூட்டு.’ ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘காத்தாடில சத்தம். ரெண்டு தரம் கழட்டிப் பாத்தாச்சி. தெரியல.’ தெரியல என்பதையும் மெனக்கெட்டு எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறார். நான் சொன்னேனே, பக்ஸ் என்ற தலைப்பு. இரண்டு பக்கம் தள்ளி, வேறு மையில்: ‘சத்தம் – ஆணி ஒண்ணு லூசு. எலி கொண்டாந்து போட்ட கொட்டையும் உள்ள.’

ஆகவே எந்தப் புத்தகம் என்ற கேள்விக்கு முன்னால், கொப்பி வாங்கினீர்களா என்று நான் கேட்க வேண்டும். ஹட்டன் கடைவீதியில் எந்தக் கடையிலும் கிடைக்கும். 80 பக்கம் போதும், சீஆர் கொப்பி என்றால் இன்னும் நல்லது, தாள் பிய்யாது. போனில் நோட் எடுக்கிறேன், ஸ்கிரீன்ஷொட் எடுக்கிறேன் என்று சொல்லாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். அடித்த கட்டளை, வந்த பிழைச் செய்தி எழுத்துக்கு எழுத்து, நீங்கள் என்ன நினைத்து அடித்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது. உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். ‘பெர்மிஷன் டினைட்’ வந்தால், ‘கண்டாக்கு ஐயாவுக்கு மட்டும், நமக்கு இல்ல’ என்று எழுதினாலும் நான் சந்தோஷப்படுவேன். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதிக் கோடு போடுங்கள்.

இவ்வளவு உபதேசம் பண்ணுகிற நான் கொப்பி எழுதினேனா என்றால், இல்லை. 2013 சித்திரையில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வரி கட்டியவர்களின் கணக்கு என் லெப்டொப்பில் இருந்தது. 186 குடும்பம். கம்பியூட்டர் தெரிந்த பையன் என்று என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். திருவிழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, அந்த ஃபோல்டரில் ‘பழைய’ என்று தொடங்குகிற குப்பைகளை அழிக்க நினைத்தேன். ஆர்எம், பழைய, ஒட்டினாற்போல நட்சத்திரக் குறி. அடிக்கும்போது நட்சத்திரத்துக்கு முன்னால் ஓர் இடம் விழுந்துவிட்டது. ‘பழைய’ என்பதையும் அழி, இங்கே இருக்கிற எல்லாவற்றையும் அழி என்று அதற்கு அர்த்தம். அது கேள்வி கேட்கவில்லை. குப்பைத்தொட்டியிலும் இல்லை. ஆர்எம் அடித்தால் போனது போனதுதான்.

அன்று சாயந்திரம் லயம் லயமாகப் போய் திரும்பக் கேட்டேன். ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாரும், “கட்டிட்டோமே தம்பி” என்றார்கள். போன வருடத்துப் பாக்கியையும் சேர்த்துக் கட்டிவிட்டதாக ஒருவர் சத்தியம் பண்ணினார், சூடம் கொளுத்தவும் தயார். கரகம் எடுக்கிறவருக்கும் மேளக்காரருக்கும் கொடுக்கக் காசு போதாமல் என் ஒரு மாதச் சம்பளம் போனது. மாமாவிடம் போய்ச் சொன்னேன். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “கொப்பில எழுதலையா?”

வேடிக்கை என்னவென்றால், அந்தப் புத்தகம் அப்போதே என்னிடம் இருந்தது. ஷொட்ஸ் அதில் தனியாகக் கட்டம் போட்டு, நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தவறி விழுகிற இந்த இடத்தைப் பற்றியே எச்சரித்திருக்கிறார். ஆர்எம் அடிக்க முன் அதே வரியை எல்எஸ் போட்டு அடித்துப் பார், எதெல்லாம் போகப்போகிறது என்று தெரியும் என்று வழியும் சொல்லியிருக்கிறார். நான் அந்தப் பக்கத்தை நாவல் வாசிக்கிற மாதிரி சாய்ந்துகொண்டு வாசித்திருந்தேன். கை அடிக்கவில்லை, ஆகவே கைக்குத் தெரியவில்லை.

மின்ட் போடுகிற அன்று டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று கேட்கும். அதற்கு ஆம் சொல்வதற்கு முன்னால் உங்கள் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்ததை வேறொரு மெஷினில் திறந்தும் பாருங்கள். இன்னொன்று: அது கடை லெப்டொப்பாக இருந்தது என்றால், ஸ்கேன் பண்ண வந்தவர்களின் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் எங்காவது ஒரு ஃபோல்டரில் குவிந்து கிடக்கும். அதைப் பென் டிரைவுக்குக் கொண்டுபோக வேண்டாம். முதலாளிக்கு ஏதாவது தேவையா என்று கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள்.

கொப்பியின் முதல் நாலு பக்கம் நிரம்பியதும் படம் எடுத்து அனுப்புங்கள். கையெழுத்துப் பார்க்க மாட்டேன்.

அன்புடன்.